பகலில் வங்கி, இரவில் சமையலறை: உலர்தகட்டுத் தொழிலின் தொடக்க ஆண்டுகள்

ஒளிப்படக்கலையின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தாகேர் வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டில் படம் பிடித்தார், டால்பட் தாளில் பிடித்தார், ஆர்ச்சர் கண்ணாடியில் பிடித்தார் என்று அவ்வரிசை நீளும். ஒரு படம் உருவாவதற்குத் தேவைப்பட்ட உடலுழைப்பைச் செய்தவர் யார், எந்தக் காலத்தில் அது எவர் கைக்கு மாறியது என்று கேட்டுப் பார்த்தால் அதே வரலாறு வேறு உருவம் கொள்கிறது. அப்படிக் கேட்பவருக்கு, 1877 முதல் 1888 வரையிலான பதினோரு ஆண்டுகளும், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் அவ்வாண்டுகளை ஓய்வொழிச்சல் இன்றிக் கழித்த ஓர் இளம் வங்கி எழுத்தரின் வாழ்க்கையும் முதன்மையானவை ஆகின்றன. ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்ற அந்த எழுத்தர் பின்னாளில் கோடாக் நிறுவனத்தின் அதிபராக அறியப்பட்டவர். இன்று புத்தொழில் நிறுவனம் என்று வழங்கப்படும் முயற்சிக்கு, அதாவது சிறு முதலீட்டில் புதிய நுட்பம் ஒன்றை நம்பித் தொடங்கி வேகமாக வளர முயலும் தொழிலுக்கு, அவருடைய தொடக்க ஆண்டுகள் ஒரு முன்மாதிரியாகவே காட்டப்படுகின்றன. முன்மாதிரிகளில் தனிமனிதரின் உழைப்பு பெரிதாகத் தெரியும். அந்த உழைப்புக்கு இடமும் சோறும் பணமும் சூத்திரமும் கொடுத்தவர்கள் சிறுத்துப் போவார்கள்.

அவர் தொழிலுக்குள் நுழைந்த காலத்தில் ஒளிப்படம் எடுப்பது எத்தகைய வேலையாக இருந்தது என்பதை முதலில் காண வேண்டும். 1851இல் ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையே அப்போது உலகெங்கும் வழக்கில் இருந்தது. வெடிபஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்தால் கிடைக்கும் பிசுபிசுப்பான கொலோடியன் என்னும் கரைசலில் அயோடைடு உப்பைச் சேர்த்து, அதைத் துடைத்த கண்ணாடியின் நடுவில் ஊற்றி, கண்ணாடியை நான்கு மூலைகளுக்கும் சாய்த்துச் சாய்த்து ஒரே சீராகப் பரவச் செய்வர்; பின்னர் அக்கண்ணாடியை இருட்டில் வெள்ளி நைட்ரேட் தொட்டியில் அமிழ்த்தி ஒளியுணர்வு ஏற்றி, ஈரம் காயும் முன் கேமராவில் வைத்துப் படம் பிடித்து, ஈரம் காயும் முன்பே இருட்டறைக்குக் கொண்டுவந்து கழுவி முடித்துவிட வேண்டும். இவை அனைத்துக்கும் கிடைத்த நேரம் பத்துப் பதினைந்து நிமிடமே. வெளியூரில் படம் எடுப்பவர் இருட்டறையைக் கூடாரமாகக் கட்டி முதுகில் சுமந்து சென்றாக வேண்டும். வெயில் மிகுந்த நாடுகளில் கொலோடியன் இன்னும் விரைவில் காய்ந்துவிடும். தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையையும் 1850களின் பிற்பகுதியில் படம் பிடித்த லின்னேயஸ் டிரைப், மெழுகிட்ட தாளைப் பெருமளவு பயன்படுத்தியவர் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. தாள் முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைக்கக் கூடியது, காத்திருக்கக் கூடியது. ஈரக் கண்ணாடி காத்திருக்காது. சுருங்கச் சொன்னால், ஈரத்தகட்டுக் காலத்து ஒளிப்படக்காரர் தமக்கு வேண்டிய தகட்டைத் தாமே உற்பத்தி செய்துகொண்ட சிறு தொழிற்சாலை.

ஈஸ்ட்மன் 1854 ஜூலை 12 அன்று நியூயார்க் மாநிலத்து வாட்டர்வில் என்னும் ஊரில் பிறந்தார். வணிகக் கணக்கும் கையெழுத்தும் கற்பிக்கும் கல்லூரி ஒன்றை ராச்செஸ்டரில் நடத்திவந்த தந்தை 1862இல் இறந்தார். தாய் மரியா கில்போர்ன், வீட்டின் அறைகளை வாடகைக்கு விட்டு, தங்கியவர்களுக்குச் சமைத்துப் போட்டுக் குடும்பத்தைக் காத்தார். மகன் பதினான்காம் வயதில் பள்ளியை விட்டுக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வாரம் 3 டாலர் கூலிக்கு எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். மாலைகளில் வீட்டில் கணக்குப் பதிவு கற்று, 1874இல் ராச்செஸ்டர் சேமிப்பு வங்கியில் இளநிலை எழுத்தரானபோது வாரச் சம்பளம் 15 டாலருக்கு மேல் ஆனது. வாங்கிய ஒவ்வொரு பொருளின் விலையையும் சிறுவயது முதலே குறிப்பேட்டில் எழுதிவந்த இவருக்குப் பிற்காலத்தில் கைவந்த தொழில் நிருவாகம், ஒளிப்படத்திலிருந்து அன்று, இந்தக் கணக்கேட்டிலிருந்தே தொடங்கியது எனலாம்.

1877இல், இருபத்து மூன்றாம் வயதில், கரீபியக் கடலின் சாண்டோ டொமிங்கோவுக்குச் சென்றுவரத் திட்டமிட்டார். பயணத்தைப் படங்களாகப் பதிவு செய்யலாமே என்று வங்கியில் உடன் வேலை பார்த்தவர் சொல்ல, கேமராவும் அதற்குரிய சரக்குகளும் வாங்கினார். உள்ளூர் ஒளிப்படக்காரர் ஒருவரிடம் 5 டாலர் கொடுத்து ஈரத்தகட்டு முறையைக் கற்றார். சோப்புப் பெட்டி அளவுள்ள கேமரா, அதைத் தாங்கும் கனத்த முக்காலி, இருட்டறைக் கூடாரம், வெள்ளி நைட்ரேட் தொட்டி, கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள், தண்ணீர்க் குடுவை எனச் சுமை ஓர் ஆளுக்கு மிஞ்சியதாக இருந்தது. சாண்டோ டொமிங்கோப் பயணம் நடக்கவே இல்லை. வாங்கிய சுமை மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. படம் எடுக்கும் ஆசையைவிட, படம் எடுப்பது ஏன் இவ்வளவு பாரமாக இருக்கிறது என்ற எரிச்சலே அதன்பின் அவரை ஆட்டிப் படைத்தது.

அந்த எரிச்சலுக்கு மருந்து ஏற்கெனவே இங்கிலாந்தில் இருந்தது. கொலோடியனிலிருந்து எழும் ஈதர் ஆவி உடலுக்கு ஒவ்வாத ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்ற மருத்துவர், அதற்கு மாற்றாக, விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் ஜெலட்டினில் வெள்ளி புரோமைடைக் கலந்து கண்ணாடியில் பூசலாம் என்று 1871இல் இதழில் எழுதினார். அதற்கு அவர் காப்புரிமை எதுவும் கோரவில்லை. 1878இல் சார்லஸ் பென்னெட், இக்கலவையை மிதமான சூட்டில் சில நாள் வைத்திருந்தால் அதன் ஒளியுணர்வு பன்மடங்கு கூடுகிறது என்று கண்டு அதையும் வெளிப்படையாக அச்சிட்டார். இவ்வாறு பூசி உலர்த்திய கண்ணாடிக்கு உலர்தகடு என்று பெயர்; மாதக்கணக்கில் பெட்டியில் வைத்திருந்து வேண்டியபோது எடுத்துப் படம் பிடிக்கலாம், கழுவுவதையும் வீடு திரும்பியபின் நிதானமாகச் செய்யலாம். ராச்செஸ்டரில் பிரித்தானிய ஒளிப்பட இதழைத் தருவித்துப் படித்த வங்கி எழுத்தருக்கு இந்தச் சூத்திரம் தபால் வழியே இலவசமாக வந்து சேர்ந்தது. தொழிலின் மூல அறிவைப் பொதுச் சொத்திலிருந்து பெற்றவர் பிற்காலத்தில் காப்புரிமைகளை எவ்வளவு கடுமையாகக் காவல் காத்தார் என்பதை நினைக்கும்போது இந்தத் தொடக்கம் சற்றே உறுத்துகிறது.

சூத்திரம் கிடைத்ததும் இரவுகள் தாயின் சமையலறைக்கு மாறின. வெள்ளி நைட்ரேட்டையும் புரோமைடையும் வெந்நீரில் இளகிய ஜெலட்டினுக்குள் மெல்ல விட்டுக் கலக்கும்போது பால் போல் வெளுத்த குழம்பு உண்டாகிறது. இதைத் தொழிலில் எமல்ஷன் என்றும் தமிழில் பால்மம் என்றும் வழங்குவர், வேதியியல்படி இது பால்மம் அன்று, மிதவலே என்றாலும் பெயர் நின்றுவிட்டது. குழம்பு சூட்டில் முதிர்ந்தபின் குளிரவைத்துக் கட்டியாக்கி, அக்கட்டியைத் துணி அல்லது கம்பிவலை வழியாக இடியாப்பம் பிழிவதுபோல் பிழிந்து, இழைகளைத் தண்ணீரில் அலசி வேண்டாத உப்பை நீக்கி, மீண்டும் உருக்கிக் கண்ணாடியில் பூசுவது அக்காலத்து முறை. எல்லாம் மங்கிய சிவப்பு விளக்கொளியில் நடக்க வேண்டும். சூடு ஓர் அளவுக்கு மேல் ஏறினால் தகடு கறுத்துவிடும், குறைந்தால் படமே பதியாது. அடுப்பை விட்டு நகர முடியாத வேலை ஆதலால், ஈஸ்ட்மன் பல இரவுகள் அடுப்புக்கு அருகே தரையிலேயே போர்வையைப் போர்த்திக்கொண்டு உறங்கி, காலையில் எழுந்து வங்கிக்குச் சென்றார். பிற்காலத்தவர் வியந்து எழுதும் காட்சி இது. காலையில் அதே அடுப்பில் வாடகைக்குத் தங்கியவர்களுக்குச் சமைக்க வேண்டியிருந்த மரியாவின் பொறுமையும் அதே அளவு வியப்புக்குரியதே.

சமையலறைச் சோதனை தொழிலாக மாறியது ஒரு குறிப்பிட்ட இடத்தில். அக்காலத்து உலர்தகடு செய்வோர் உருகிய பால்மத்தைக் கெண்டி போன்ற பாத்திரத்திலிருந்து ஊற்றி, கண்ணாடிக் கோலால் பரப்பினர்; ஒரு தகடு தடித்தும் மறு தகடு மெலிந்தும் போவது இயல்பாக இருந்தது. பால்மத் தொட்டியில் சுழலும் உருளையின் மேல் கண்ணாடிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்திச் சீராகப் பூசும் எளிய பொறி ஒன்றை ஈஸ்ட்மன் அமைத்தார். ஒளிப்பட வணிகத்தின் தலைநகர் அப்போது லண்டன். ஆகவே 1879இல் தம் சேமிப்பைச் செலவிட்டு அங்கே சென்று பொறிக்குக் காப்புரிமை பெற்றார். உலர்தகடு பிறந்த நாட்டிலேயே உலர்தகட்டுப் பொறியைக் காட்டப் போனது கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனது போன்றதுதான். ஆனால் ஊசி செய்யும் பொறி கொல்லனுக்கும் வேண்டியிருந்தது. அமெரிக்கக் காப்புரிமை 1880 ஏப்ரல் 13 அன்று கிடைத்தது. அதே மாதத்தில் ராச்செஸ்டரின் ஸ்டேட் தெருவில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் தளத்தை வாடகைக்கு எடுத்து விற்பனைக்கெனத் தகடு செய்யத் தொடங்கினார். நியூயார்க் நகரில் ஒளிப்படச் சரக்கு விற்பனையில் முன்னணியில் இருந்த ஆந்தனி நிறுவனம் அவருடைய தகடுகளை மொத்தமாக வாங்க ஒப்புக்கொண்டது.

பணம் வந்த வழி தனியே கவனிக்கத்தக்கது. மரியாவின் வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்தவர்களில் ஹென்றி ஏ. ஸ்ட்ராங் என்பவர் ஒருவர். ஈஸ்ட்மனைவிடப் பதினாறு வயது மூத்தவர், குதிரை வண்டிகளுக்குச் சாட்டை செய்து விற்கும் தொழிலில் செழித்தவர். உணவு மேசையில் எதிரெதிரே அமர்ந்து பழகிய இவ்விளைஞர் மேல் நம்பிக்கை வைத்து அவர் முதலில் 1,000 டாலரும் தொடர்ந்து மேலும் சில ஆயிரமும் கொடுத்தார். 1881 ஜனவரி 1 அன்று ஈஸ்ட்மன் உலர்தகட்டு நிறுவனம் தோன்றியபோது ஸ்ட்ராங் தலைவராகவும் ஈஸ்ட்மன் பொருளாளராகவும் பொறுப்பேற்றனர். மோட்டார் வாகனம் வந்தபின் அடியோடு அழிந்த தொழிலுக்கு எடுத்துக்காட்டாக வணிகப் பாடநூல்கள் சாட்டைத் தொழிலையே காட்டுவது வழக்கம். ஒரு நூற்றாண்டு நின்ற ஒளிப்பட நிறுவனம் ஒன்று அந்தச் சாட்டையின் ஆதாயத்தில் முளைத்தது என்பதை அப்பாடநூல்கள் சொல்வதில்லை.

நிறுவனம் தொடங்கிய பின்னும் ஈஸ்ட்மன் வங்கி வேலையை விடவில்லை. பிற்பகலில் வங்கி மூடியதும் ஸ்டேட் தெருவுக்குப் போய் இரவெல்லாம் அங்கே வேலை பார்ப்பது, ஞாயிறுகளைத் தூக்கத்துக்கு ஒதுக்குவது என்பதே அவருடைய வாரமாக இருந்தது. பால்மம் காய்ச்சியவரும், பொறியைச் செப்பனிட்டவரும், கணக்கெழுதியவரும், வணிகர்களுக்குக் கடிதம் எழுதியவரும் அவரே. இந்த இரட்டை வாழ்க்கையைத் துணிச்சல் என்பதைவிட எச்சரிக்கை என்பதே பொருந்தும். தாயின் குடும்பத்தைத் தாங்கும் மாதவருவாயைப் பணயம் வைக்க அவர் விரும்பவில்லை. 1881 செப்டம்பரில்தான், வங்கியில் தமக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போன பிறகு, வேலையைத் துறந்தார். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்ற நிலை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நீடித்தது.

முழுநேரத் தொழிலதிபராகி ஆறு மாதம் கூட நிறைவதற்குள் தொழில் முறிந்து போகும் நிலை வந்தது. ஒளிப்பட வணிகம் குளிர்காலத்தில் மந்தமாக இருக்கும். ஆந்தனி நிறுவனத்தின் கிடங்கில் அக்காலத்தில் அடுக்கிய தகடுகள் 1882 வசந்தத்தில் வெளியே சென்றபோது, அவை ஒளியை உணர மறுத்தன. தகடு மாதக்கணக்கில் கெடாது என்பதே உலர்தகட்டின் முழுப் பெருமையாக இருக்க, நாள்பட்ட தகடு வலுவிழக்கிறது என்ற உண்மை வாடிக்கையாளர் கையில் வெளிப்பட்டது. கெட்ட தகடுகள் அனைத்தையும் நிறுவனம் திரும்பப் பெற்று மாற்றுத் தர முன்வந்தது. அதற்குக் கையிருப்பு ஏறத்தாழ முழுதும் கரைந்தது. அதைவிடக் கொடிய அடி அடுத்து விழுந்தது. புதிதாகக் காய்ச்சிய பால்மமும் தேறவில்லை. அதே சூத்திரம், அதே அடுப்பு, அதே கைகள். விளைவு மட்டும் வேறு. தொழிற்சாலையை மூடிவிட்டு ஈஸ்ட்மன் நூற்றுக்கணக்கான சோதனைகளைச் செய்து பார்த்தார், ஒன்றும் பயன் தரவில்லை. இறுதியில் அவரும் ஸ்ட்ராங்கும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினர். நியூகாசில் நகரில் மாசன் அண்டு சுவான் நிறுவனம் உலர்தகடு செய்துவந்தது. மின்விளக்கு வரலாற்றில் பெயர் பெற்ற ஜோசப் சுவானுக்கு உரிய நிறுவனம் அது. அங்கே சில வாரம் இருந்து தொழில்முறையைக் கண்டறிந்து திரும்பிய பிறகுதான், குற்றம் சூத்திரத்தில் இல்லை, வாங்கிய ஜெலட்டினில் இருந்தது என்று தெளிவாயிற்று. முன்பு வாங்கிய சரக்குக்கும் பின்பு வாங்கியதற்கும் வேறுபாடு இருந்திருக்கிறது.

ஒரு ஜெலட்டின் ஏன் நல்ல தகட்டைத் தருகிறது, மற்றொன்று ஏன் கைவிடுகிறது என்பது அப்போது எவருக்கும் தெரியாது. விடை கிடைக்க நாற்பதாண்டுக்கு மேல் ஆயிற்று. 1920களில் கோடாக் ஆய்வுக்கூடத்தில் சாமுவேல் ஷெப்பர்ட் என்ற வேதியியலாளர், நல்ல ஜெலட்டினில் கடுகெண்ணெய்ச் சேர்மம் மிகச் சிறிய அளவில் கலந்திருப்பதையும், அதிலுள்ள கந்தகம் வெள்ளி புரோமைடுப் படிகங்களின்மேல் நுண்புள்ளிகளாகப் படிந்து ஒளியுணர்வைக் கூட்டுவதையும் நிறுவினார். மாடு மேய்ந்த கடுகுச் செடியின் காரம் அதன் தோலில் தங்கி, தோலிலிருந்து ஜெலட்டினுக்கு வந்து, ஜெலட்டினிலிருந்து தகட்டுக்கு ஏறியிருந்தது. எந்த மாடு எந்த வயலில் மேய்ந்தது என்பதைப் பொறுத்து நிறுவனங்களின் நன்மதிப்பு ஏறி இறங்கிய தொழில் அது. எனவே 1882இன் பாடம் உழைத்தால் வெல்லலாம் என்பதன்று, ஏனெனில் உழைப்பு அங்கே எதையும் தீர்க்கவில்லை. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மூலப்பொருள் ஈட்டையும் பயன்படுத்துமுன் சோதிக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டையே ஈஸ்ட்மன் அதிலிருந்து எடுத்துக்கொண்டார். நிறுவனம் பிற்காலத்தில் ஜெலட்டினையும் தானே செய்யத் தலைப்பட்டதன் வேர் இதுவே.

அடுத்த சில ஆண்டுகளில் உலர்தகடு செய்வோர் பெருகி விலை சரிந்தது. கண்ணாடியையே விட்டுவிடும் எண்ணத்துடன், முன்பு தகட்டுத் தொழிலில் இருந்த வில்லியம் வாக்கரைச் சேர்த்துக்கொண்டு, 1884இல் நிறுவனம் ஈஸ்ட்மன் உலர்தகடு மற்றும் பிலிம் நிறுவனம் எனப் பெயர் மாறியது. இருவரும் அமைத்த சுருள்தாங்கி, பால்மம் பூசிய நீண்ட தாளைச் சுருளாகக் கேமராவின் பின்புறம் பொருத்தும் கருவி. தாளின் நார் அச்சில் தெரிந்துவிடுவதால், படம் பதிந்த படலத்தைத் தாளிலிருந்து உரித்து ஒளி ஊடுருவும் தளத்தில் ஒட்டவேண்டியிருந்தது. நனைந்த வெங்காயத் தோலைக் கிழியாமல் உரிப்பது போன்ற இந்த வேலையைத் தொழில்முறை ஒளிப்படக்காரர்கள் ஏற்கவில்லை. அவர்கள் மறுத்ததே பெரும் திருப்பம் ஆயிற்று. கலைஞர் செய்ய மறுத்த வேலையைத் தொழிற்சாலையே செய்துகொடுத்தால், படம் எடுக்கத் தெரியாதவரும் வாடிக்கையாளர் ஆகலாம் என்ற கணக்கு அங்கே உதித்தது.

1888இல் வெளிவந்த கோடாக் கேமரா அந்தக் கணக்கின் விடை. பெயருக்குப் பொருள் எதுவும் இல்லை. தாயின் பிறந்தகப் பெயரின் முதலெழுத்தான ‘கே’ என்ற ஆங்கில எழுத்தின் ஓசை ஈஸ்ட்மனுக்குப் பிடித்திருந்தது, எந்த மொழியிலும் தவறாக ஒலிக்க இடமில்லாத சிறு சொல்லாகவும் இருந்தது. கயிற்றை இழுத்து, பொத்தானை அழுத்தி, சாவியைத் திருப்பினால் ஒரு படம் முடிந்தது. பார்த்துக் குறிவைக்கக் கண்ணாடி கிடையாது. எத்தனை படம் எடுத்தாயிற்று என்பதையும் எடுப்பவரே குறித்துக்கொள்ள வேண்டும். 25 டாலர் விலைக்கு 100 படத்துக்கான சுருள் உள்ளேயே இருந்தது; தீர்ந்ததும் கேமராவை அப்படியே ராச்செஸ்டருக்கு அனுப்பினால், 10 டாலருக்குச் சுருளைக் கழுவி, வட்ட வடிவப் படங்களை அச்சிட்டு, புதுச் சுருள் ஏற்றித் திருப்பி அனுப்பினர். பொத்தானை நீங்கள் அழுத்துங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்னும் கருத்தில் அமைந்த புகழ்பெற்ற விளம்பர வாசகத்தை ஈஸ்ட்மனே எழுதினார். அந்த ‘மிச்சம்’ என்பது, கூடாரம் சுமந்தவர் 1877இல் தனியாகச் செய்த அத்தனை வேலையும். அது தொழிற்சாலையில் சம்பளத்துக்கு வேலை பார்த்த பலருடைய கைகளுக்கு இப்போது பிரிந்து போயிற்று. தமிழ்நாட்டின் ஊர் தோறும் ஸ்டுடியோக்களில் பிலிம் கழுவக் கொடுத்து, மூன்றாம் நாள் உறையில் பிரிண்ட் வாங்கிய வழக்கம் அந்தப் பிரிவினையின் தொலைதூரக் கிளையே.

தாளுக்குப் பதில் செல்லுலாய்டு 1889இல் வந்தது. அதை உருவாக்கிய வேதியியலாளர் ஹென்றி ரைக்கன்பாக், போட்டி நிறுவனம் தொடங்க முனைந்தார் என்று மூன்றாண்டுக்குள் வெளியேற்றப்பட்டார். செல்லுலாய்டுப் படலத்துக்கு நியூவர்க் நகரத்துப் பாதிரியார் ஹன்னிபால் குட்வின் 1887 மே மாதமே விண்ணப்பித்திருந்தார். காப்புரிமை அவருக்கு 1898இல்தான் கிடைத்தது, 1900இல் அவர் இறந்தார். உரிமையை வாங்கியிருந்த ஆன்ஸ்கோ நிறுவனம், வழக்கில் வென்று, 1914இல் கோடாக்கிடமிருந்து 50 லட்சம் டாலர் பெற்றது. முன்பு ஈஸ்ட்மனின் தகடுகளை மொத்தமாக வாங்கிய ஆந்தனி நிறுவனத்தின் வழிவந்ததே இந்த ஆன்ஸ்கோ. ஈஸ்ட்மனின் உழைப்பை மதிப்பவர்கள் குட்வினின் பதினோரு ஆண்டுக் காத்திருப்பையும் அதே தராசில் வைத்துப் பார்ப்பதே நேர்மை.

ஸ்டேட் தெருவின் மூன்றாம் தளம் பெருங்கட்டடங்களாக வளர்ந்து, 1900இல் 1 டாலர் பிரவுனி கேமரா சிறுவர் கைக்கும் போய்ச் சேர்ந்து, ஈஸ்ட்மன் என்ற பெயர் உலகெங்கும் பரவிய பின்னும், நிறுவனத்தின் தலைவர் பதவி சமையலறைக் காலத்து ஏற்பாட்டின்படியே தொடர்ந்தது. சாட்டை வணிகர் ஹென்றி ஸ்ட்ராங், 1919இல் தாம் இறக்கும்வரை ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் தலைவராகவே இருந்தார். அதுவரை ஈஸ்ட்மன் வகித்தது பொருளாளர் பதவி.